மாமா படித்த விலங்குப் புத்தகம்

மாமா இடது கையால் தள்ளிவிட்ட புத்தகம் கட்டிலுக்குக் கீழே விழுந்து, மாடு இருந்த பக்கம் மேலே தெரியக் கிடந்தது. குழந்தைகள் கிழித்துவிடாதபடி கெட்டி அட்டையில் செய்த புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரு விலங்கு. பல் முளைத்த காலத்தில் என் மகள் கடித்துக் கடித்து அதன் மூலைகள் மழுங்கியிருந்தன. அறுபதைத் தாண்டிய மனிதரிடம் அதை நீட்டி, "இது என்னன்னு சொல்லுங்க" என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

மாமா என் அம்மாவின் தம்பி. பல வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்துவிட்டு, சொந்த ஊரான முதுநகருக்குத் திரும்பி வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜங்ஷனில் ஏறியவர் தேவனாம்பட்டினத்தில் இறங்குவதற்குள் குவைத்தையே சுற்றிப் பார்த்துவிடலாம், அப்படிப் பேசுவார். பக்கவாதம் வந்து, சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கை கால் ஓரளவு மீண்ட பிறகும் பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதிலுக்கு வாய் திறந்தால் வெறும் காற்றுதான். சிகிச்சைக்கு வசதியாக அவரும் மாமியும் சிதம்பரத்தில் என் வீட்டிலேயே தங்கினார்கள். "வாய் ஜாஸ்தி, வாய் ஜாஸ்தின்னு நானே கண்ணு வச்சிட்டேன்" என்று மாமி அழாத நாள் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான், வீட்டில் படப் புத்தகம் இருந்தால் அதை வைத்துப் பழக்கச் சொன்னார். நான் நீட்டிய முதல் நாளே அது கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

அதை எடுத்துக்கொண்டு கட்டிலில் ஏறியவள் என் மகள். மூன்று வயது. அவருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. படுத்திருப்பவர் எங்கும் எழுந்து போகமாட்டார் என்பது மட்டும் வசதியாக இருந்திருக்கும். அவள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. தானே பக்கத்தைத் திருப்பி, தானே "மாடு" என்றாள். மாமா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெளிவாக, "பகரா" என்றார்.

மாமி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார். "என்னா சொன்னாங்க? என்னா சொன்னாங்க?"

அடுத்த பக்கத்தில் ஒட்டகம். "ஜமல்." அதற்கடுத்து யானை. "ஃபீல்." பசுவின் பெயரிலும் யானையின் பெயரிலும் குர்ஆனில் அத்தியாயங்கள் உண்டு. சிறு வயதிலிருந்து நாங்கள் ஓதி வருபவை. மனப்பாடமாக ஓதியதுதான் வெளியே வருகிறதோ என்று நினைத்தேன். ஆனால் முயலைப் பார்த்து "அர்னப்" என்றாரே, அது எங்கிருந்து வந்தது? போனில் தேடினேன். முயலுக்கு அரபியில் அதுதான் பெயர்.

பயிற்சி கொடுக்கும் பெண் ஆச்சரியப்படவில்லை. இரண்டு மொழி பேசியவர்களுக்கு எது முதலில் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு, "அங்க சின்னப் புள்ளைங்களோட இருந்தாரா?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது.

ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. "புள்ள... ஸ்கூலு... காரு" என்று அவர் சொல்ல, நான் ஊகித்துக் கேட்க, அவர் தலையாட்டுவார், அல்லது மறுப்பார். முதலாளி வீட்டுச் சின்னப் பையன். அவனைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, அவன் அண்ணனின் வகுப்பு முடியும்வரை காரிலேயே காத்திருக்க வேண்டும். முன் சீட்டில் இருவருக்கும் நடுவே ஒரு விலங்குப் புத்தகம். பையன் விரல் வைக்க, மாமா பெயர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவன் திருத்துவான். இத்தனை குவைத்துக் கதைகளில் இந்தப் பையன் மட்டும் ஏன் வரவே இல்லை?

பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மாமாவின் ஒரே மகள் வந்தபோது அதற்குப் பதில் கிடைத்தது. அவரும் என் மகளுமாகப் புத்தகம் பார்ப்பதை அவள் வாசலில் நின்று கவனித்தாள். நடந்ததையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லி முடித்ததும், மெதுவாகத்தான் பேசினாள்.

"எனக்கு ஒரு நாளாவது அத்தா ஒரு புக்கு பிரிச்சுக் காட்டியிருப்பாங்களாக்கா? லீவுல வருவாங்க, பொட்டியப் பிரிப்பாங்க, மறுபடி போயிடுவாங்க. அங்க எவன் புள்ளைக்கோ மாடு, ஆடுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க."

மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். புத்தகத்தை மூடினார். அன்று முழுக்க ஒரு சத்தமும் வரவில்லை. பயிற்சிக்கும் வர மறுத்துவிட்டார். மீண்டதெல்லாம் மறுபடி போய்விட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை, மாமாவின் மகளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். புத்தகத்தை மடியில் விரித்து, "சொல்லிக் குடுங்க அத்தா. எனக்கு ஓதத்தான் தெரியும், அரபி பேசத் தெரியாதுல்ல" என்றாள். அவர் நெடுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு "பகரா" என்றார். அவளும் சொன்னாள். "நம்ம பாசையில மாடு" என்றாள். அவர் உதடுகள் கூடின, பிரிந்தன. "மா... மாடு." அவருக்குத் திரும்பி வந்த முதல் தமிழ் விலங்கு அதுதான். மாமி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்னும் சில பக்கங்கள் போன பிறகு அவள் கேட்டாள். "அந்தப் புள்ள பேரு என்னா அத்தா?"

மாமா கண்ணை மூடி யோசித்தார். வார்த்தையைத் தேடும்போது நெற்றியில் விழுகிற சுருக்கம் விழுந்து மறைந்தது. பிறகு அவள் பெயரைச் சொன்னார். தன் மகளின் பெயரை. திணறாமல், முழுசாக. அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

இப்போது மாமா முதுநகர் மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் தட்டுத்தடுமாறிப் பேரம் பேசுகிறார். அந்தப் பெயர் விஷயம் மட்டும் என்னை விடவில்லை. பெயர் மாறி வருவது இந்த நோயில் சகஜம் என்கிறார் பயிற்சி கொடுக்கும் பெண். "அந்தப் பையனக் காருக்குள்ள அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க" என்கிறார் மாமி. போன வாரம் முதுநகருக்குப் போனபோது மாமாவிடமே கேட்டுவிட்டேன்: அன்று தப்பாக வந்ததா, இல்லை அங்கே அவனை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டீர்களா?

மாமா சிரித்தார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார்.

"அவ... கேக்கல. நீ... ஏன் கேக்குற?"