அம்மாவின் தலைமாட்டுப் பெட்டி

எங்கள் வீட்டில் நாலு ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பாட்டுக் கேட்கலாம் என்று நினைத்தவன் நான்தான். அந்தப் பெருமையும் என்னுடையது, அதனால் வந்த கோதாரியும் என்னுடையது.

எழுபதுகளின் நடுப்பகுதி. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். யோக்கோகாமாவில் கப்பல் நின்றபோது ஒரு கடையில் அந்த நாலு சானல் றிசீவரைக் கண்டேன். கடைக்காரன் என்னை நடுவில் ஒரு கதிரையில் இருத்தி, நாலு மூலையிலும் ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்து, மேளச் சத்தத்தை என்னைச் சுற்றி ஓடவிட்டான். நான் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடியதைப் பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். எனக்கு அந்தச் சாமான் வேண்டும், அவ்வளவுதான்.

அலுமினிய முகப்பு. றேடியோவும் கசெற் போடுகிற இடமும் அதிலேயே இருந்தன. போட்டவுடன் நீல வெளிச்சம் வரும். நாலு பெட்டிக்கும் நாலு முள் ஆடும். 'இரண்டு', 'நாலு' என்று ஒரு திருகி இருந்தது. அதை நாலில் விட்டால் சாதாரணப் பாட்டைக்கூட அது தானே பிரித்து, பாடுகிறவனை முன்னுக்கும் வாத்தியத்தின் எதிரொலியைப் பின்னுக்கும் அனுப்பும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நடுவில் நின்ற சின்னக் குச்சி. அதை எந்த மூலைக்குச் சாய்க்கிறோமோ அந்த மூலைப் பெட்டி மட்டும் பாடும், மற்ற மூன்றும் வாயை மூடிவிடும்.

பருத்தித்துறை வீட்டுக்கு அதைக் கொண்டுவந்து இறக்கியபோது ஒழுங்கைச் சனம் எல்லாம் கூடிவிட்டது. அம்மா இடுப்பெலும்பு உடைந்து நடு அறையில் படுக்கையாகக் கிடந்த காலம் அது. தங்கச்சியும் அவளுடைய மனிசனும் எங்களோடுதான் இருந்தார்கள். றிசீவரையும் முன் பெட்டி இரண்டையும் ஹோலில் வைத்தேன். பின் பெட்டிகளில் ஒன்றை வருகிற போகிற ஆட்களுக்காக விறாந்தையில் வைத்தேன். மற்றதை, அம்மாவும் கேட்கவேண்டுமே என்று வயர் இழுத்து, அவருடைய தலைமாட்டில் வைத்தேன்.

தங்கச்சியின் மனிசன் றிசீவரோடு வந்த புத்தகத்தை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாலு பெட்டியும் ஒரே அறையிலை இருக்கவேணும் எண்டெல்லோ படம் போட்டிருக்கிறான், மச்சான்."

"புத்தகம் யப்பான்காரனுக்கு. எங்கடை வீட்டுக்கு நான் சொல்லுறதுதான்."

அதோடு அவர் புத்தகத்தை மூடிவிட்டார். நான் திருகியை நாலில் விட்டு, ஒருவரும் மாற்றாமலிருக்கக் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை அதன்மேல் ஒட்டினேன். "உதிலை ஆரும் கை வைச்சால் தெரியும்" என்று ஒரு சத்தமும் போட்டேன். பாட்டுப் போட்டோம். அம்மாவின் பெட்டியிலும் சத்தம் நன்றாக வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

லீவு முடிகிற நாள் பின்னேரம் அம்மா தொடங்கினார்.

"இனிக் காணும் மோனை, கப்பலுக்குப் போகாதை. நான் கிடக்கிற கிடை உனக்குத் தெரியாதே? நீ அங்காலை போக நான் இஞ்சாலை போயிடுவன்."

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கும் அதேதான். அம்மா அழுதுகொண்டே அதையே திருப்பித் திருப்பிச் சொல்ல, நான் கத்தினேன்:

"உப்பிடி ஒப்பாரி வைச்சுக்கொண்டு கிடந்தா, இனி உங்களோடை ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன்!"

அம்மா அப்படியே நிறுத்திவிட்டார். விடிய நான் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எங்கள் ஊரில் பக்கத்துக் கடைக்குப் போகிறவன்கூட 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டுத் திரும்பி வருகிறேன், என்று சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறப்பான். கடலுக்குப் போகிற குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய சொல் என்று எனக்குத் தெரியாததல்ல. அதை அம்மாவிடம் சொல்லாமல் போனேன்.

கப்பல் கொழும்பைத் தாண்டவே நெஞ்சு குறுகுறுக்கத் தொடங்கிவிட்டது. எந்த வேலை செய்தாலும் அம்மா அழுகையை நிறுத்திய விதம்தான் முன்னால் வந்து நின்றது. அந்தக் காலத்தில் கப்பல்காரர் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் கதைத்து அனுப்புவோம். என்னிடம் ஒரு சின்ன ரேப் றெக்கோடர் இருந்தது. முதல் பக்கத்தில் எல்லோரோடும் கதைத்தேன். பிறகு சொன்னேன்: "இனி அம்மாவோடை தனியக் கதைக்கவேணும். கசெற்றை மற்றப் பக்கம் பிரட்டி, குச்சியை அம்மாவின்ரை மூலைக்குச் சாய்ச்சுப்போட்டு, நீங்கள் எல்லாரும் முத்தத்துக்குப் போங்கோ."

ஏன் அப்படிச் செய்தேன்? வெட்கம். வேறென்ன? தங்கச்சியின் மனிசனுக்கு முன்னால் நான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பது கேட்கக்கூடாது. குச்சி என்று ஒன்று இருக்கும்போது அதைப் பயன்படுத்தினால் என்ன என்று நினைத்தேன். மற்றப் பக்கம் முழுக்க, "அம்மா, சொல்லாமல் வந்திட்டன், என்னை மன்னியுங்கோ, போட்டு வாறன் அம்மா, போட்டு வாறன்" என்று அழுது தீர்த்தேன். அனுப்பிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

பதில் கசெற் வந்தது. தங்கச்சி ஊர்க்கதை எல்லாம் சொன்னாள். நான் சொன்னபடியே எல்லோரும் முற்றத்துக்குப் போனார்களாம். "அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேக்கிறா அண்ணை" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவள் மைக்கை அம்மாவிடம் கொண்டுபோனது கேட்டது.

"அம்மா, அண்ணைக்கு ஏதாவது கதையுங்கோ."

ஒன்றும் இல்லை. ஒரு சேவல் கூவியது. அம்மா செருமினார். அவ்வளவுதான்.

சரி, கோபம் ஆறவில்லை போலும் என்று இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் சேவலும் செருமலும்தான் வந்தன. மூன்றாவதில் எனக்கு விசர் ஏறிவிட்டது. "நான் இவ்வளவு கெஞ்சியும் ஒரு சொல்லுக் கதைக்கிறியள் இல்லை. உங்கடை பிடிவாதம் ஆருக்கு வரும்?" என்று ஏசி அனுப்பினேன். அதற்குப் பிறகு அம்மாவுக்கென்று நான் ஒன்றும் பேசி அனுப்பவில்லை.

அடுத்த லீவில் வந்து அம்மாவின் அறைக்குள் போனேன். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினார். வந்த களைப்பு, அடக்கி வைத்த கோபம், எல்லாம் சேர்ந்து வெடித்தது.

"கப்பலிலை கிடந்து நாயாய்க் கத்தினன். ஒரு பதில் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையோ?"

அம்மா மெதுவாகக் கேட்டார்: "நீ எப்ப மோனை என்னோடை கதைச்சனி?"

அம்மாவுக்கு வயசுபோய் அறளை பெயர்ந்துவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்றுதான் நினைத்தேன். "அந்த முதல் கசெற்றைப் போடு, அம்மாவின்ரை பக்கத்தை" என்று தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் போட்டு, பழகிய கையால் குச்சியைச் சாய்த்துவிட்டு, பழக்கதோசத்தில் முற்றத்துக்குப் போகப் பார்த்தாள். நான் அம்மாவின் தலைமாட்டில் நின்றேன்.

பெட்டியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். காத்திருந்தேன். இரைச்சல் மட்டும்தான். ஹோலுக்கு ஓடினேன். கசெற் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி ஓடிவந்து பெட்டியில் காதை வைத்தேன். எங்கேயோ கிணற்றுக்குள் யாரோ முணுமுணுப்பது போல ஏதோ இருந்தது, ஆனால் ஒரு சொல் பிடிபடவில்லை.

வாசலில் நின்ற தங்கச்சி நெற்றியில் கைவைத்தாள். "ஐயோ அண்ணை... செய்தி வாசிச்சாலும் அம்மாவின்ரை பெட்டியிலை கேக்கிறேல்லை. பாட்டுக்குச் சத்தம் வரும். றேடியோவிலைதான் பிழை எண்டு நாங்கள் நினைச்சம்."

பிளாஸ்டரைப் பிய்த்தேன். திருகியை இரண்டுக்கு விட்டேன், குச்சியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஹோல் முழுக்க என் அழுகை. "என்னை மன்னியுங்கோ அம்மா..." தங்கச்சியின் மனிசன் விறாந்தையில் எழுந்து நின்றார். படலையடியில் நின்ற ஆளும் திரும்பிப் பார்த்தார். யாருக்குக் கேட்கக்கூடாது என்று நான் பாடுபட்டேனோ, அவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

பிறகுதான் அந்தப் புத்தகத்தை ஒழுங்காக வாசித்தேன். இடது, வலது இரண்டிலும் ஒரே அளவாக வருகிற குரலை அந்த றிசீவர் முன் பெட்டிகளில் நிறுத்தி, பின் பெட்டிகளில் அமத்திவிடுமாம். என் சின்ன றெக்கோடரில் பதிந்த குரல் முழுக்க அப்படிப்பட்டது. பின்னுக்கு மிஞ்சியது நாடாவின் இரைச்சல். அதை ஒரு பெரிய கெட்டித்தனமாகத்தான் எழுதியிருந்தார்கள். மச்சான் விரித்த புத்தகத்தை நான் அன்றைக்கே வாசித்திருக்கலாம். அதுவும் வேண்டாம், பிளாஸ்டரையாவது ஒட்டாமல் விட்டிருக்கலாம். யாராவது ஒருநாள் கைதவறித் திருகியிருப்பார்கள்.

அன்றைக்கு என் குரல் ஹோலில் ஓடிக்கொண்டிருக்க, நான் அம்மாவின் கட்டிலடியில் போய் இருந்தேன்.

"ஏன் அம்மா தங்கச்சியிட்டை ஒண்டும் கேக்கேல்லை?"

"மருமோன் இருக்கிற வீட்டிலை, என்ரை பிள்ளை எனக்கு வாய் துறக்கிறான் இல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நீ கதைக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் போனனி. எல்லாரையும் வெளியிலை அனுப்பிப்போட்டு எனக்குக் கடல் இரையிறதை மட்டும் பிடிச்சு அனுப்பியிருக்கிறாய் எண்டு நினைச்சன்."

"பிறகேன் திரும்பத் திரும்பப் போடச் சொன்னனீங்கள்?"

"கடைசியிலையாவது ஒரு சொல்லு வருமோ எண்டுதான்."

ஒரு பக்கம் முடியும்வரை வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொல்லி, அம்மா அப்படியே கிடந்திருக்கிறார். அதற்கு நான் பிடிவாதம் என்று பேர் வைத்தேன்.

ஹோலில் கசெற், "போட்டு வாறன் அம்மா" என்ற இடத்துக்கு வந்திருந்தது. அம்மா கையை உயர்த்தினார்.

"உதை நிப்பாட்டச் சொல்லு. நீதான் முன்னுக்கு இருக்கிறியே. வாயாலை சொல்லு, கேப்பம்."

தங்கச்சி நிறுத்தினாள். மச்சான் விறாந்தையில் நின்றார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெசினுக்கு முன்னால் ஆறாய் ஓடிய வாய்க்கு ஒரு சொல் வரவில்லை.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ அம்மா?" என்று கேட்டேன்.

அம்மா உயர்த்திய கையை இறக்கினார். பிறகு, "ஓம், கொண்டா" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். அதற்குப் பிறகு சில வருசம் அம்மா இருந்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் அவருடைய கையைப் பிடித்து, போட்டு வாறன் என்று தவறாமல் சொன்னேன். மன்னியுங்கோ என்ற மற்றச் சொல்லை, மூன்று கசெற்றில் இரண்டில் அழுதழுது சொன்ன சொல்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒருநாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு லீவிலும் நான் அறைக்குள் நுழைகிறபோது அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்து ஒரு கணம் காத்திருப்பார். நான் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பேன்.