மேஜை மேஜையாகப் போன கேபிள்

ஒஹாயோவில், டொலீடோ நகரப் பள்ளி ஒன்றில் வெர்னா ஹோடக் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு நடத்திவந்தார். பசியோடு வந்த பிள்ளை யாரென்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தன் சாண்ட்விச்சில் பாதியை, "எனக்கு இந்த ஊறுகாய் ஒத்துக்காது" என்று பொய் சொல்லி அந்தப் பிள்ளையிடம் தள்ளிவிடுவார்.

வெள்ளிக்கிழமை தோறும், தான் எழுதிய சின்னப் புரோகிராம் ஒன்றைத் தன் வரைபடக் கால்குலேட்டரிலிருந்து பிள்ளைகளுக்கு ஏற்றித்தருவது அவர் வழக்கம். இரண்டு கால்குலேட்டர்களை இணைக்கும் கறுப்புக் கேபிளோடு மேஜை மேஜையாகப் போவார். 1999 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், புரோகிராமுக்குப் பதிலாக மொத்த நினைவகத்தையும் அனுப்பும் வரியை அழுத்திவிட்டார். முதல் மேஜையில் அழுத்தியதையே பதினெட்டு மேஜையிலும் விரல் அழுத்தியது. 'இருப்பதெல்லாம் அழியும், சரியா?' என்று ஒவ்வொரு கால்குலேட்டரும் கேட்டது. எல்லாரும் படிக்காமலே சரி என்றார்கள்.

"என் பாம்பு விளையாட்டு போச்சு" என்றாள் டெசிரே. "மூணு மாச ஸ்கோர், மிஸஸ் ஹோடக். கொலை பண்ணிட்டீங்க."

"பாம்புதானே, அடக்கம் பண்ணிடலாம்" என்றவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கால்குலேட்டரில் இருந்ததெல்லாம் இப்போது இவர்களிடம். மறக்காமலிருக்க ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஓரிரு வரி அதில் குறித்திருந்தார். 'டெரெல்: அப்பாவுக்கு ஆலையில் வேலை போயிற்று. சாயங்காலம் கடையில் நிற்கிறான். வீட்டுப்பாடம் கேட்காதே.' டெரெல் அவரிடம் மட்டும் சொன்னது அது.

"எல்லாரும் கீழ வைங்க. என் தப்பு. அதுல உங்களப் பத்தி எழுதியிருக்கேன். படிக்காம எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

டெசிரே திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். டெரெல் பக்கம் திரும்பாமலே பொத்தானை அழுத்தினாள். "அழிங்கடா. செத்த பாம்புக்கு ஒரு மரியாதை வேணாமா?"

ஒவ்வொரு திரையாக வெறுமையாயிற்று. மணி அடித்ததும் டெரெல் மட்டும் போகவில்லை. அவன் அழித்திருக்கவில்லை.

"படிச்சிருப்பாங்களா?"

"தெரியலப்பா. மன்னிச்சுக்கோ."

"இந்த வரிய மாத்துங்க." அவன் காது சிவந்திருந்தது. "எல்லார்கிட்டயும் வீட்டுப்பாடம் கேக்கறீங்க, என்னைத் தாண்டிப் போயிடறீங்க. அதுலயே தெரிஞ்சிடுது, எங்கிட்ட ஏதோ இருக்குன்னு."

வெர்னா அவன் முன்னாலேயே தன் கால்குலேட்டரில் அந்தக் கடைசி வாக்கியத்தை அழித்தார்.

"சரி, நேத்துக் கொடுத்த கணக்கு எங்க?"

"செய்யல."

"ஏன்?"

"சோம்பல்."

"அப்போ திங்கக்கிழமைக்கு ரெண்டு கூடுதல்."

"இது அநியாயம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் பையைத் தோளில் மாட்டினான்.