ஹெட் கிளார்க் அழுத நாவல்

இன்று நடந்ததைச் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸ் லைப்ரரியில் அந்தத் தடிமனான ஆங்கில நாவலை நான் எடுத்த அன்று, ஹெட் கிளார்க் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "கோலார் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுல வளர்ந்த டைப்பிஸ்டுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? புரியவா போகுது?"

நாவலின் கதாநாயகியும் என்னைப் போல ஏளனம் கேட்டே வளர்ந்தவள். அதனால் விடவில்லை. வீட்டில் டிக்ஷனரியோடும், சிவாஜிநகர் பஸ்ஸில் நின்றுகொண்டும் இரண்டு மாதத்தில் முடித்தேன்.

அந்தப் புத்தகத்துக்குக் காத்திருப்பவர்களின் லிஸ்டில் அடுத்த பெயர் ஹெட் கிளார்க்குடையது. முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: "பாவம், கடைசியில் அவள் செத்துப்போகிறாள்."

சுத்தப் பொய்.

இன்று டீ நேரத்தில் புத்தகத்தைத் திருப்ப வந்தவர் பிரசங்கமே செய்தார். "அவ சாகிற இடத்துல அழுதுட்டேன். உனக்கு அந்த இங்கிலீஷ் எட்டியிருக்காதும்மா."

"அந்த இடத்தைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க சார்" என்று கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அதில் அவள் கிழவியாகி, பேரனுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறாள்.

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். டீ நேரம் முடியும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

பென்சில் குறிப்பு அப்படியே இருக்கிறது. லிஸ்டில் அடுத்த பெயர் மேனேஜருடையது. அழிக்கட்டுமா, விடட்டுமா? சொல்லுங்கள்.