மடியில் வந்த பொம்மைகள்

அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு என்றதும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுதினால் கேலியாகிவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் அக்கா போன ஊர்களுக்கெல்லாம் கூடவே போன சுமைதூக்கி நான் ஒருவன்தான். ஆகவே வேறு வழியின்றி என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா பிறந்தது திருச்சியில். அப்பாவுக்கு இங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் கைக்குழந்தையாகக் கொல்கத்தா வந்தார். நான் கிதிர்பூர் குவார்ட்டர்ஸில் பிறந்தவன். அக்கா கல்லூரி முடிப்பதற்குள் அப்பா காலமானார். அக்கா அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்து, இதே ஊரில் டாக்குரியாவில் தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்து, அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். தமக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஒரு குழந்தையை வளர்த்ததே போதும்" என்பார். அந்தக் குழந்தைக்கு இப்போது தலை முழுக்க வழுக்கை.

டாக்குரியாவில் எங்கள் முதல் மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்த அம்மாவின் கொலு பொம்மைகள், திருச்சியிலிருந்து வந்த காகிதக்கூழ் பொம்மைகள், ஊறிக் கரைந்துபோயின. தண்ணீர் வடிந்த பிறகும் அம்மா பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார்.

"அழாதேம்மா. ஊர் ஊராப் போய் வேற கொண்டு வரலாம்" என்றார் அக்கா.

சொன்னபடி அடுத்த விடுமுறைக்கு எங்களைப் புரிக்கு அழைத்துப் போனார். அங்கே வாங்கிய ஜகந்நாதர்தான் புதுக் கொலுவின் முதல் பொம்மை. அப்பா போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தக் கடற்கரையில்தான். அலை என் செருப்பைக் கொண்டு போயிற்று, அதற்குத்தான் சிரித்தார்.

துர்கா பூஜை விடுமுறைக்குக் கொல்கத்தாவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும். அதே நாட்களில் நவராத்திரி என்பதால் நாங்கள் கொலு வைத்து வீட்டில் இருப்போம். எங்கள் பயணமெல்லாம் மே மாதத்தில். ஜெய்ப்பூர் வெயிலில் கடைத்தெருவில் எங்களைத் தவிர ஈ காக்கை இருக்காது. கடைக்காரர்கள் இரக்கப்பட்டே விலையைக் குறைத்தார்கள்.

வாங்கிய பொம்மை பெட்டியில் போகக் கூடாது, என் மடியில்தான் வர வேண்டும். "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. தூங்காதே" என்பார். ஒருமுறை தூங்கிவிட்டேன். தலை கவிழ்ந்து, என் தாடை இடித்து, ஜெய்ப்பூர்க் கிளியின் மூக்கு போயிற்று. அக்கா திட்டவில்லை. காய்ந்த மிளகாயின் நுனியைக் கிள்ளி மூக்காக ஒட்டினார். வருடா வருடம் புது மிளகாய். பக்கத்து வீட்டு பௌதி, நாங்கள் அண்ணி முறையில் அப்படிக் கூப்பிடும் வங்காளி அம்மாள், அதைத் தமிழர் சம்பிரதாயம் என்று நினைத்து, "தீதி (அக்கா), எந்த சாமிக்கு மிளகாய்?" என்று பயபக்தியோடு கேட்டார். அக்கா என்னைக் காட்டி, "இந்த சாமிக்கு" என்றார்.

தெற்கிலிருந்து திரும்பும் ரயில் எப்போதும் ஹௌராவுக்குச் சற்று முன்னால் சாந்த்ராகாச்சியில் நின்றுவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஹௌரா வருவதற்குள் அக்கா என் பக்கம் திரும்பி, "முழுசா இருக்கா?" என்று கேட்பார்.

அக்காவுக்கு நோய் வந்தபோது புரிக்கு மறுபடியும் போக ஏற்பாடு செய்திருந்தோம். போக முடியவில்லை. ஆஸ்பத்திரியில், "இந்த வருஷம் புதுப் பொம்மைக்கு என்னடா பண்றது?" என்று கவலைப்பட்டார்.

"நானே படியில உட்கார்ந்துக்கறேன். செட்டியார் பொம்மைக்குத் தொப்பை தயார்."

"உன்னை எவன் மடியில வெச்சுண்டு வருவான்?" என்று சிரித்தார். இருமல் அடங்கியதும் என் கையைப் பிடித்தார். "என்னை நீ கொண்டு போயிடு. புரிக்கு."

 இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா போன பிறகு, "அஸ்தி கரைக்கக் கங்கை இங்கேயே ஓடறதே, புரி எதுக்கு?" என்று சித்தப்பா கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அப்போ நீதான் எடுத்துண்டு போகணும்" என்று டிக்கெட்டுக்கு அலைந்தவரும் அவரே. காலை ரயில். துணி சுற்றிய மண்கலயம் என் மடியில். "கொஞ்சம் கண்ணை மூடுங்கோ, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் என் மனைவி. கொடுக்கவில்லை. இத்தனை வருடமும் அக்கா என்னை எதற்குப் பழக்கினாரோ, அன்றுதான் தெரிந்த மாதிரி இருந்தது. கடலில் இறங்கியபோது கை விரல்கள் விரிய மறுத்தன.

ஆஸ்பத்திரி நாட்களில் எங்களுக்குக் கிச்சுடி என்ற பருப்புச் சோறு சமைத்து அனுப்பிய பௌதிக்கும், ரத்தம் கொடுத்த அக்காவின் அலுவலக நண்பர்களுக்கும், முகம் சுளிக்காத செவிலியருக்கும், சித்தப்பாவுக்கும், இந்த வருஷாப்திகத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் நமஸ்காரம். சென்ற ஆண்டு துக்கத்தில் பெட்டி திறக்கவில்லை. இந்த நவராத்திரிக்குக் கொலு உண்டு. அவசியம் வாருங்கள். கிளிக்கு மிளகாய் நான் கிள்ளி வைக்கிறேன்.

புரியிலிருந்து திரும்பும்போதும் ரயில் சாந்த்ராகாச்சியில் நின்றது. மடியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு கையையும் அப்படியே வைத்திருந்தேன். பக்கத்திலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

முழுசாக் கொண்டு போய்ச் சேர்த்துட்டேன், அக்கா. தூங்கலை.

உன் தம்பி