ஒரே உறையில் ஐந்து பேர்

எங்கள் செய்தித்தாள் அலுவலகத்தில், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர் முப்பது வருடம் வேலை பார்த்தார். பிரபலங்களைப் பற்றி வரும் செய்திகளை வெட்டிப் பழுப்பு உறைகளில் போட்டு வைப்பதுதான் எங்கள் அறையின் வேலை. ஒரு பெயருக்கு ஒரு உறை. எந்தக் காலத்து ஆளோ, எந்தத் துறையோ, பெயர் ஒன்றென்றால் எல்லோரும் உள்ளே ஒன்றாகக் கிடக்க வேண்டியதுதான்.

அக்காவின் மகன் பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். ஒரு நீதிபதி, ஒரு ஓவியர், ஒரு விமானி, ஒரு நீச்சல் வீரர். மகன் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தபோது மூன்று வரிச் செய்தி வந்தது. அக்கா கமுக்கமாக அதையும் அந்த உறையில் சேர்த்துவிட்டார். பெற்ற மனசு, யார் என்ன சொல்ல முடியும்? பிறகு அவன் ஓடவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஆனான்.

போன வருடம் ஒரு வாசகர் ஓவியரைப் பற்றிக் கேட்டதால் அந்த உறையைக் கொட்டிப் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, வேடிக்கையப் பாருங்க. நாலு பேரும் முப்பத்தொன்பது வயசுலதான் போயிருக்காங்க."

அக்கா முகம் வெளிறிவிட்டது. "என் பையனுக்கும் இப்ப முப்பத்தொன்பதுதான்டி. நாற்பது பொறக்க இன்னும் ஒரு மாசம் இருக்கு."

மகனின் செய்தித் துண்டை அப்போதே கிழித்துப் போட்டார். மறுநாள் காலையில் அது முழுசாக உறைக்குள் இருந்தது.

"நீதான வெச்ச?"

"சத்தியமா இல்லக்கா."

எரித்தார். திரும்ப வந்தது. இருபத்தைந்து வருடத்துப் பழைய காகிதம், தொட்டால் மை விரலில் ஒட்டியது. அதன்பின் அந்த உறை இருந்த இழுப்பறைப் பக்கமே நான் போகவில்லை.

மகன் பிறந்தநாளுக்கு முதல் நாள் உறையில் அந்தத் துண்டு இல்லை. அக்கா உதறி உதறிப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

"பீடை ஒழிஞ்சுதுடி! நான் சீக்கிரம் போறேன். அவனுக்குப் பிடிச்சதா ஏதாவது சமைக்கணும்."

அது எங்கே போனதென்று எனக்குத் தெரியும். இரங்கல் செய்தி எழுதுகிறவர் மேசையில் காலையிலேயே பார்த்தேன். யார் வைத்ததென்று அவரே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கிற முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால், வேலையை விட்டுவிட்டு வாடா என்று மகனுக்கு ஒரு போன் போட்டிருப்பார்.

சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தார். லிஃப்ட் அறுந்து விழுந்ததை நான்தான் சொன்னேன்.