மருந்து உறையில் எழுதிய கடைசிக் காட்சி

என் மேசையில் ஒரு மருந்து உறை கிடக்கிறது. குளிசை போட்டுத் தருவார்களே, அந்தச் சின்ன வெள்ளைக் காகித உறை. முன்பக்கத்தில் காலை, பகல், இரவு என்று கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறது. வெறுமையான பின்பக்கத்தில் பென்சிலால் ஏழு வரி வசனம். எங்கள் வெப் சீரிஸின் கடைசிக் காட்சி அது; கையெழுத்து என் மச்சாளுடையது. போன மாதம் ஒரு பை நிறையப் பழைய உறைகளைக் கொண்டுவந்து, "எறிய மனம் வருகுதில்லை மச்சான், எல்லாத்தையும் போட்டோ எடுத்து வையுங்கோ" என்று தந்துவிட்டுப் போனாள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தவன் இதில் வந்து நின்றுவிட்டேன்.

மச்சாள் என் மாமாவின் மகள். பாலையூற்றில் வீடு, டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஆட்கள் வராத நேரங்களில் நின்ற நிலையிலேயே உறைகளில் வசனம் எழுதுவாள். ஆகவே எங்கள் தொடரில் எவருக்கும் ஓர் உறைக்கு மேல் பேச்சுக் கிடையாது. டிவி நாடகத்தில் நம்மூர்ப் பெண் ஏன் வேறு ஊர்க்காரி மாதிரிக் கதைக்கிறாள் என்று அவளுக்கு நெடுநாள் கோபம். அந்தக் கோபத்தை என்னைப்போலச் சும்மா சொல்லிக்கொண்டு திரியாமல், கையிலிருந்த போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாள். ஆரிடமும் அனுமதி கேட்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு பகுதி, வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில். இரண்டு வருடமாக மகளோடு பேசாத ஒரு படகுக்காரத் தகப்பன், அவ்வளவுதான் கதை. கிண்ணியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் "இது எங்கட வாப்பா", "இது எங்கட அப்பா" என்று கீழே எழுதினார்கள்.

எனக்கு அதில் சவுண்ட் வேலை. ஓர்ஸ் ஹில்லில் கந்தோர் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு ஒலிப்பதிவு பற்றி என்ன தெரியும்? என் போன் நல்ல போன். வேறு தகுதி ஒன்றுமில்லை. நடிப்பவரின் சட்டைப் பையில் என் போனை வைத்து, கழுத்துப்பட்டியில் சின்ன மைக்கைக் குத்திவிடுவேன். மச்சாளிடம் ஒரு சட்டம் இருந்தது. படப்பிடிப்புக்கு முன் எல்லோரும் போனை நிப்பாட்டி ஓர் அலுமினியச் சட்டிக்குள் போடவேண்டும். "ஐயோ, அவசரக் கோல் வந்தால்?" என்று கேட்டவர்களுக்கும் சட்டிதான் பதில். படம் பிடிக்கும் மச்சாளின் போனைத் தவிர, சட்டிக்குள் போகாத ஒரே போன் என்னுடையது.

தகப்பனாக நடித்தவர் கிண்ணியாவில் வாகனம் திருத்தும் ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவோம். முன்னே பின்னே நடித்தவரில்லை. கடைசிக் காட்சி எடுத்த அன்று பின்னேரம், அவர் தன் மகளை விட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட, விமான நிலையத்துக்கு வான் ஒழுங்காகியிருந்தது. இறங்குதுறையில் மூதூர்ப் படகு, மகள் ஏறப்போகிறாள், தகப்பன் வாய் திறக்கவேண்டும். வெயில் சாயும் அரைமணி நேரம்தான் எங்களுக்கு. ஒரே தடவை எடுத்தோம். பாதி வசனத்தில் நானாவின் கை தானாக எழும்பி நெஞ்சைப் பொத்தியது. உறையில் அப்படி ஒன்றும் எழுதவில்லை. மச்சாள் மூச்சுக்கூட விடாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினோம். படகு போய்விட்டது, நானாவும் வானில் ஏறிவிட்டார்.

பாலையூற்றுக்கு வந்து போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படம் இருக்கிறது, குரல் பாதியில் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து என் மனைவி கோல் எடுத்திருக்கிறாள், வரும்போது தேங்காய் வாங்கி வரச்சொல்லி. மணியடிக்காமல் வைத்திருந்தேனே தவிர, கோல் வராமல் நிப்பாட்ட மறந்துபோனேன். கோல் வந்ததும் பதிவு நின்றுவிட்டது. இத்தனை மாதப் பாடும் என் மறதியில் போயிற்று. மச்சாள் குசினிக்குள் போய் நெடுநேரம் நின்றுவிட்டு, தேத்தண்ணீரோடு வந்தாள். "நானாட்டைக் கேட்டுப் பாப்பம். வேற ஒருத்தரின்ரை குரல் போட ஏலாது" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது, பகுதி வரவில்லை. "ஒலியில் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி போட்டாள். பிழை ஆருடையது என்று நானாவிடமும் சொல்லவில்லை. காற்று இரைச்சல் என்றுதான் சொன்னாள். நானா அங்கே கராஜில் திருத்த வந்த காருக்குள் ஏறி, கண்ணாடிகளை மூடி, இரைச்சல் போடும் ஏசியையும் நிப்பாட்டிவிட்டு, ஒரு போனில் படத்தைப் பார்த்தபடி இன்னொரு போனில் பேசி அனுப்பினார். முதல் நாள் வாயசைவு சேரவில்லை. இரண்டாம் நாள் வேலைக்காரர்களின் சுத்தியல் சத்தம். நாலாம் நாள் வந்த குரலைக் கேட்டபோது மச்சாளின் கண் கலங்கியது. மகளைப் பிரிந்து ஒரு கிழமையான மனுசனின் குரல் அது. எங்கள் இறங்குதுறையில் நின்று பேசியபோது இது அவரிடம் இருக்கவில்லை.

பகுதி வெளியானதும், நெஞ்சில் கை வைத்த அந்த இடத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். இவர் பெரிய நடிகர் என்றார்கள். அண்மையில் நானா லீவில் வந்தபோது, எப்படி அந்த யோசனை வந்தது என்று நானே கேட்டேன். அவர் சிரித்தார். "என்ன யோசனை தம்பி? உங்கட போன் பைக்குள்ள கிடந்து அதிர்ந்திச்சு. பொத்திப் பிடிச்சன். சத்தம் போயிட்டுதெண்டு அப்பவே விளங்கிச்சு. நிப்பாட்டினா தங்கச்சிக்கு வெளிச்சம் போயிடும். அதான் நிப்பாட்டாமச் சொல்லி முடிச்சன்."

காற்று இரைச்சல் என்று மச்சாள் சொன்ன பொய்யை அவர் தெரிந்துகொண்டேதான் நாலு நாள் அந்தக் காருக்குள் வெந்திருக்கிறார். இப்படிப்பட்ட இரண்டு பேரோடு வேலை செய்ய எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. இப்போது இரண்டாவது தொடர் ஓடுகிறது. ஒலிப்பதிவுக்கென்றே ஒரு கருவி வாங்கிவிட்டோம். என் போனும் மற்றவர்களுடையதைப்போலச் சட்டிக்குள்தான் கிடக்கிறது.

இந்த உறையின் முன்பக்கத்தை இன்றுவரை நான் கவனித்திருக்கவில்லை. போட்டோ எடுக்கத் திருப்பியபோதுதான் கண்டேன். காலை, பகல், இரவு என்ற கட்டங்களுக்கு மேலாகவே, தொடரின் முடிவில் காட்டுவதற்கான பெயர்களை எழுதியிருக்கிறாள். மேலே குரல் பாதியில் நின்றுபோன அன்றைய திகதி. குசினிக்குள் நின்ற நேரமாகத்தான் இருக்கவேண்டும். கடைசியில், 'ஒலி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர். அதைக் குறுக்கே இரண்டு கோடு போட்டு வெட்டியிருக்கிறாள். அதற்குக் கீழே, பென்சில் காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, என் பெயரையே திரும்பவும் எழுதியிருக்கிறாள்.