வேண்டுமென்றே பெரிதாக வெட்டிய காஜா

கல்லூரியில் அவருக்கு "நாடா மேடம்" என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, படிக்கட்டு திரும்பிய பிறகுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. இன்றும் தெருவில் யாராவது பழைய மாணவர் எதிரே வந்து வணக்கம் சொல்லும்போது, நாக்கு நுனி வரை வந்த அந்தப் பெயரை மென்று விழுங்குவது அவருக்குத் தெரிந்துவிடும். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். வீடு வந்து சேரும் வரை அந்தப் பழைய நாட்கள் கூடவே நடந்து வரும்.

எல்லாம் ஒரு கட்டு விடைத்தாளில்தான் ஆரம்பித்தது. இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டுக்கு அவர் மரபணு ஒழுங்குபாடு நடத்தத் தொடங்கி அப்போது பதினோரு வருடம். செல்லுக்குள் இருக்கும் மரபணுக்கள் எல்லாம் எந்நேரமும் வேலை செய்வதில்லை. எது எப்போது திறக்க வேண்டும், எது மூடிக் கிடக்க வேண்டும் என்பதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதுதான் பாடம். அந்த வருடம் பாடக்குறிப்பு கொடுத்தபோது, கைதவறி ஒரு வரியை இரண்டு முறை எழுதிவிட்டார். நாற்பத்திரண்டு விடைத்தாள்களில் முப்பத்தெட்டில் அந்த வரி இரண்டு முறை இருந்தது.

சாயங்காலம் தாள்கட்டோடு அக்காவின் தையல் கடைக்குள் நுழைந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள்தான் இருவருக்கும் வீடு. அக்கா எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் தங்கையின் பாடங்களில் மூக்கை நுழைக்காமல் இருந்த நாளே கிடையாது.

"என்னடி, மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"ஒண்ணுமே புரியாம எழுதியிருக்காங்கக்கா. அப்படியே மனப்பாடம்."

"நீ புரியற மாதிரி சொன்னியா?"

தங்கைக்குச் சுருக்கென்றது.

"சரி, எனக்குச் சொல்லு. எனக்குப் புரிஞ்சா அதுங்களுக்கும் புரியும்" என்றார் அக்கா, மெஷினை நிறுத்தாமலே.

தங்கை வெறும் வாயால் சொல்லிப் பார்த்தார். அக்கா கொட்டாவி விட்டார். உடனே தங்கை வெட்டும் மேசையில் கிடந்த நாடாவை எடுத்து நீட்டி, திரைச்சீலை வளையம் ஒன்றை அதில் கோத்தார்.

"இந்த நாடாதான் ஒரு பாக்டீரியாவோட டி.என்.ஏ. வளையம் அதைப் படிச்சுக்கிட்டே ஓடும். ஓடினா இங்க ரெண்டு சாமான் தயாராகும். ஒண்ணு, பால் சர்க்கரைய வெட்டுற கத்தரி. இன்னொண்ணு, அந்தச் சர்க்கரைய உள்ள விடுற கேட். சர்க்கரை இல்லாதப்ப இதெல்லாம் எதுக்கு? அதனால ஒரு அடக்கி வந்து நாடாவ புடிச்சுக்கும். வளையம் ஓட முடியாது."

"சர்க்கரை வந்தா?"

"அடக்கிமேல ஒட்டிக்கும். அடக்கி வளைஞ்சு, பிடிய விட்டுடும்."

அக்கா மெஷினை நிறுத்தினார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? ஒரு பட்டன், ஒரு காஜா. முடிஞ்சது வேலை."

ஒரே வாரத்தில் ஆறு நாடாக்கள் தயாராயின. ஒவ்வொன்றும் நான்கு கஜம். நடுவில் பெரிய பட்டன். அடக்கி, பஞ்சு வைத்துத் தைத்த உள்ளங்கை அளவுத் துணி. பட்டன் நுழைய அதில் ஒரு காஜா, பக்கத்தில் சின்னப் பை. பைக்குள் சர்க்கரைக்குப் பதில் ஒரு மர மணியைத் திணித்தால் துணி வளைந்து, பட்டன் தானாக நழுவும். மேடம் அதை மூன்று முறை போட்டுக் கழற்றிப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

ஆய்வகத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் சாக்பீஸால் பெரிய வட்டங்கள் போட்டார்கள். வட்டம்தான் செல். உள்ளே சிலர் நாடாவைப் பிடித்தார்கள், ஒருவர் வளையத்தை ஓட்டினார், ஒருவர் கேட்டுக்குப் பச்சைச் சீட்டு, கத்தரிக்கு மஞ்சள் சீட்டு என்று எழுதித் தந்தார். சத்தம் கூரையைப் பிய்த்தது. துறைத் தலைவர் வாசலில் வந்து நின்றார். எதற்கெடுத்தாலும் நிசப்தம் கேட்பவர் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே "நிசப்தம் சார்".

"என்ன மேடம், இது காலேஜா, பாலர் வகுப்பா?"

"செய்முறை வகுப்பு சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது வட்டத்தில் ஏதோ சிக்கல். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, வருடம் முழுக்க வாய் திறக்காதவள், கையில் மணியோடு கோட்டுக்கு வெளியே நின்றாள். அவள்தான் பால் சர்க்கரை. பத்து நிமிடமாக அங்கேயே நிற்கிறாள்.

"உள்ள வாடி, நேரமாகுது" என்றாள் வளையம் பிடித்தவள்.

"எப்படி வர்றது?"

மேடம் பக்கத்தில் போனார். "என்னம்மா ஆச்சு?"

"மேடம், நான் உள்ள வரணும்னா கேட் வேணும். கேட் செய்யணும்னா அடக்கி கழலணும். அடக்கி கழலணும்னா நான் உள்ள வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப நான் எப்படி மேடம் வர்றது?" என்றாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கோட்டைத் தாண்டினால் தீர்ந்தது என்றான் ஒருவன். அவள் அசையவில்லை. மேடம் நாடாவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பதினோரு வருடம் கரும்பலகையில் இதே படத்தை வரைந்திருக்கிறார். சர்க்கரையை வெளியிலிருந்து உள்ளே ஓர் அம்புக்குறியால் கொண்டுவந்திருக்கிறார். அம்புக்குறி எப்படி வந்தது என்று அவரும் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை. நின்று பார்க்கிறவளுக்குத்தான் தெரிந்தது.

"தெரியலம்மா" என்றார். "அடுத்த வாரம் சொல்றேன்."

வகுப்பில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் நூலகத்தில் கிடந்தார். பதில் ஒரு தடிமனான புத்தகத்தில், பொடி எழுத்து அடிக்குறிப்பில் இருந்தது. அடக்கியின் பிடி அவ்வளவு இறுக்கமானது இல்லை. எப்போதாவது தானாகவே நழுவும். அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு கேட்டுகள் தயாராகிவிடும். அந்த ஒன்றிரண்டு வழியாகத்தான் முதல் சர்க்கரை உள்ளே வரும். ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தார்.

"அக்கா, காஜாவ கொஞ்சம் பெருசா வெட்டிக் கொடு. நாடாவ உதறினா எப்பவாவது பட்டன் தானா கழலணும்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்திரண்டு வருஷமா கடை வச்சிருக்கேன். நான் போட்ட பட்டன் கழண்டுச்சுன்னு ஒருத்தர் திரும்பி வந்ததில்ல. என் பேரைக் கெடுக்கவா பாக்கற?"

"இதை யாரும் போட்டுக்கப் போறதில்லக்கா."

"நாப்பது பிள்ளைங்க பாக்குமே. மேடத்தோட அக்காவுக்குக் காஜா எடுக்கக் கூடத் தெரியலன்னு பேசாது?"

மேடம் பொறுமையாகக் கோட்டுக்கு வெளியே நின்ற பெண்ணின் கதையைச் சொன்னார். அக்கா கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் கேட்டிருக்கா" என்றார் கடைசியில். "அப்ப உன் பாக்டீரியா பொழைக்கிறதே பூட்டு சரியில்லாததுனாலதான், இல்ல?"

"அப்படித்தான்."

"பேஷ்" என்று கத்தரிக்கோலைத் தேடினார். ஆறு காஜாக்களையும் ஒரு நூல் அளவு பெரிதாக வெட்டினார். வெட்டிய ஓரம் பிரியக்கூடாது என்று சுற்றிலும் பட்டு நூலால் நெருக்கித் தைத்தார். தளர்வான காஜாவாக இருந்தாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அடுத்த வாரம் வகுப்பில், செல்லுக்குள் எதுவும் ஆடாமல் நிற்பதில்லை என்று சொல்லி நாடாவை உதறச் சொன்னார். பத்து முறை, இருபது முறை, ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்தொன்றாவது உதறலில் அடக்கி பொத்தென்று விழுந்தது. வளையம் ஒரே ஓட்டமாக ஓடியது. ஒரு பச்சைச் சீட்டு வந்தது. கடைசி பெஞ்சுப் பெண் அதை வாங்கிக்கொண்டு, நிதானமாகக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். அறையில் சத்தமே இல்லை. அதனால்தானோ என்னவோ துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

விஷயத்தை அந்தப் பெண்ணே அவருக்குச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை உதறுங்க, பாப்போம்."

உதறினார்கள். இந்த முறை ஒன்பதிலேயே விழுந்தது.

"முப்பது வருஷம் நானும் இதை நடத்தியிருக்கேன் மேடம்" என்றார் மெதுவாக. அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்துக்கு வாரம் இரண்டு செய்முறை வகுப்பு கால அட்டவணையில் வந்தது.

அந்தப் பெண் பிறகு ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனாள். மேடம் மேலும் பதினெட்டு வருடம் அதே பாடத்தை நடத்தினார். வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை அவருக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுவிடும். அதை அப்படியே பத்திரமாகக் கொண்டுபோய் அக்காவிடம் சொல்வார். "எல்லா செல்லிலயும் ஒரே மரபணுதான் இருக்குன்னா, கண்ணுல ஏன் பல்லு முளைக்கல மேடம்?" என்று ஒருவன் கேட்டதைச் சொன்ன அன்று, அக்கா சிரித்த சிரிப்பில் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகள் எல்லாம் சிதறின. இருவரும் தரையில் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள்.

அக்கா போய் நான்கு வருடம் ஆகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி பழுது பார்க்கிறார்கள். பின்னால் இருக்கும் அறைகளில் மேடம் தனியாக இருக்கிறார். எப்போதாவது வகுப்பெடுக்கக் கூப்பிட்டால் போகிறார். திரும்பி வரும் வழியெல்லாம், இன்று கேட்டதில் எது நல்ல கேள்வி, அதை அக்காவிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று மனசு பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே வரும். சாவியைப் பூட்டில் நுழைக்கும் வரை அது நிற்பதில்லை.